திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பாடசாலையின் அயலில் வாழும் பத்துப் பெண்களை மதிப்பளித்த நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் கட்டடம் திறப்போம், கேக் வெட்டுவோம், மலர் வெளியிடுவோம், மறைந்த அதிபர்களின் படங்களுக்கு மாலை போடுவோம். இவை எல்லாம் இந்தக் கிழமை நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இவற்றோடு இன்னொன்றும் செய்யவேண்டும் என்று செயற்குழுவிலுள்ள இளைய பிள்ளைகள் சிலர் பிடிவாதமாக நின்றார்கள். பாடசாலையைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில், பதவி எதுவும் இல்லாமல் அயலை ஒன்றாக வைத்திருக்கிற பெண்களைத் தேடி மதிப்பளிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் இங்கே படித்தவர்களாக இருக்கவேண்டும் என்றில்லை. இந்த மதிலுக்கு வெளியே இருந்துகொண்டு, மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளைத் திண்ணையில் இருத்தியதும், செல் விழுந்த நாட்களில் கையைப் பிடித்துப் பங்கருக்குள் இழுத்துக்கொண்டதும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

அந்தத் தேடுதல் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். நான் இந்தப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதுவாக வேலை செய்தவள் என்பதுதான் காரணம். சபையில் இருப்பவர்களில் சிலரை நானே நிறுத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது அவர்கள் மூன்று கிலோவும் இல்லை.

முதலில் நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கிராம சேவையாளரிடம் போனோம், சனசமூக நிலையத்துக்குப் போனோம், மாதர் சங்கத்துக்குப் போனோம். இரண்டு நாளில் அழகாகத் தட்டச்சு செய்த பெயர்ப்பட்டியல் வந்துவிட்டது. தலைவி, உபதலைவி, செயலாளர், பொருளாளர். நல்ல மனிதர்கள், குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு என் முதல் நியமனம் நினைவுக்கு வந்தது.

1926இல் களுத்துறையில் இந்த நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. எங்கள் சங்கத்தின் வயதுதான் அதற்கும். அந்த ஏற்பாட்டில் வந்தவள்தான் வீடு வீடாகப் போகிற மருத்துவமாது. ஊரில் எங்களை மிஸ்ஸி என்பார்கள். நான் பொறுப்பேற்ற நாளில், எனக்கு முன்பிருந்த மிஸ்ஸி பதிவேடுகளை எல்லாம் எண்ணிக் கையளித்துவிட்டு, படலை வரை போனவ திரும்பி வந்து சொன்னா: “இதில எழுதாத ஒண்டு சொல்லுறன். ஒவ்வொரு ஒழுங்கையிலயும் ஒராள் இருப்பா. அவவைக் கண்டுபிடிச்சீரெண்டால் உமக்குப் பாதி வேலை இல்லை.”

அது உண்மை என்பதைக் காண எனக்கு ஒரு மாதம்கூடச் செல்லவில்லை. யார் பிள்ளை தங்கியும் வெளியில் சொல்லாமல் இருக்கிறாள், யார் பஸ்ஸுக்குக் காசில்லாமல் கிளினிக்குக்கு வராமல் நிற்கிறாள், எந்த வீட்டில் மனுசன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், இவை ஒன்றும் பதிவேட்டில் வராது. அந்த ஒராளுக்குத் தெரியும். தெரிந்தாலும் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லமாட்டா. சொல்லவேண்டியதை மட்டும் சொல்லுவா. நான் “பிள்ளைக்கு ஊசி போடவேணும்” என்று நாலு தரம் சொன்னால் “பார்ப்பம் மிஸ்ஸி” என்பார்கள். அவ ஒருதரம் சொன்னால் அடுத்த கிளினிக்கில் பிள்ளை நிற்கும்.

ஆகவே பெயர்ப்பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நாங்கள் ஆறு பேரும் வீடு வீடாகப் போனோம். “சிறந்த அயலவர் யார்?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள் என்றுதான் பதில் வரும். நாங்கள் கேட்டது இதுதான்: “ரெண்டு நாள் கொழும்புக்குப் போறதெண்டால் வீட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போவியள்?” யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. “சாமத்தில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் ஆரை எழுப்புவியள்?” என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி குழுவிலிருந்த ஒரு இளம் பிள்ளையுடையது: “உங்களைப் பேசினாலும் உங்களுக்குக் கோபம் வராத ஆள் ஆர்?” இந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்.

இரண்டு ஒழுங்கைகளில் மட்டும் பெயர் ஒன்றும் வரவில்லை. “பூட்டிக்கொண்டு போவம், கமரா இருக்கு” என்றார்கள். அந்த இரண்டும் இந்த வட்டாரத்தில் ஆக அழகான வீடுகள் உள்ள ஒழுங்கைகள்.

இங்கே வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்களுடைய காலத்தில் கிளுவை, பூவரசங் கதியால் போட்டு, பனையோலை அடைத்த வேலி. வேலி என்றவுடன் அன்பு பெருகியது என்று நான் சொல்ல வரவில்லை. அரை அடி கதியால் தள்ளி நட்டதற்கு மூன்று தலைமுறை வழக்காடிய ஊர் இது. அப்புக்காத்துமார் வீடு கட்டியதே எங்கள் வேலியில்தான். ஆனாலும் அதே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆண்கள் கோட்டுக்குப் போய் வழக்குப் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய் தேங்காய்ப் பாதி மாறினார்கள், பிள்ளைப்பெற்ற வீட்டுக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்தார்கள். இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. மதில் கட்டக் காசு அனுப்பியவர்களில் பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பாதுகாப்புக்குத்தான் கட்டினீர்கள், எனக்குத் தெரியும். மதிலில் பொட்டு வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எங்கள் பட்டியலில் முதலாவதாக வந்த பெயர் அவவுடையது; ஒன்பது வீட்டில் ஏழு வீடு அவவைச் சொன்னது. பெயரைச் சொல்லாமல் கதைப்பதானால் கதைக்கலாம் என்று சம்மதித்திருக்கிறா. ஊரில் அவவைத் தையலக்கா என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். எங்கள் வெள்ளைச் சீருடைகளில் பாதி அவவுடைய மெசினில் தைத்தவை.

தையலக்கா சீட்டுப் பிடிப்பா. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுவார்கள், மாதம் ஒருவர் குலுக்கலில் மொத்தத்தையும் எடுப்பார். கையெழுத்து இல்லை, பிணை இல்லை. முதல் மாதம் எடுத்தவர் மிச்சப் பதினொரு மாதமும் கட்டுவார் என்ற நம்பிக்கை மட்டும்தான். 1995 சித்திரையில் அவ தொடங்கிய சீட்டு மாதம் 200 ரூபா. ஐப்பசி குலுக்கலோடு ஏழு பேர் எடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் ஆளுக்கு 1,400 ரூபா கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. அந்த இரவைப் பற்றி இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம். தையலக்கா மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டினா. சீட்டுக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் சொருகினா. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. அடுத்த நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டா. கைதடி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று கோயில் மடம், பள்ளிக்கூடம், தெரிந்தவர் வீட்டு மால் எல்லாம் ஏறி இறங்கி, சீட்டுக்காரரைத் தேடினா. காசு கேட்கப் போகவில்லை. “உங்கட கணக்கு என்னட்டைப் பத்திரமா இருக்கு” என்று சொல்லப் போனா.

பத்துப் பேரைக் கண்டுபிடித்தா. ஒருத்தி மட்டும் கிளாலிக்கு அப்பால் வன்னிக்குப் போய்விட்டாள். தேடிப் போன இடமெல்லாம் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்ததால், சீட்டுக் கொப்பி எங்கள் ஒழுங்கையின் விலாசப் புத்தகமாகிவிட்டது. கனடாவிலிருந்து ஒருவருக்கு வந்த கடிதமும், முகாமில் ஒருவர் செத்தால் யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதும் அவவிடம் வந்துதான் போனது. 1996இல் ஊர் திரும்பியபோது சீட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. காத்திருந்த ஐந்து பேரும் முழுத்தொகையும் எடுத்தார்கள். வன்னிக்குப் போனவள் சீட்டை எடுத்துவிட்டுப் போனவள். அவள் கட்டவேண்டியிருந்த 1,000 ரூபாவை அக்கா தானே தைத்துக் கட்டினா. 2002இல் பாதை திறந்ததும் அவள் வந்தாள். படலையைத் திறந்த உடனே காசைத்தான் நீட்டினாளாம். இது எனக்கு அக்கா சொல்லித் தெரியாது. காசு கொடுத்தவளே சொன்னாள். கொப்பியில் தன் பெயருக்கு மேல் ஆறு வருடத்துக்கு மேலாகக் கோடு விழவில்லை என்று சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடைத்தது.

இதை எங்கள் ஊர்ப் பெருமை என்று தட்டிவிட வேண்டாம். நாங்கள் இடம்பெயர்ந்த அதே 1995ஆம் ஆண்டில், ஆடி மாதம், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கடும் வெக்கை அடித்து எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தனியே இருந்த முதியவர்கள் அவர்களில் அதிகம். எரிக் கிளைனன்பேர்க் என்ற சமூகவியலாளர் அதைப் பற்றி 2002இல் ஒரு நூல் எழுதினார். அருகருகே உள்ள இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிட்டிருக்கிறார். இரண்டிலும் தனியே வாழும் ஏழை முதியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றில் இலட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், மற்றதில் 4 பேர். முதலாவது பகுதியில் கடைகள் மூடி, வளவுகள் வெறிச்சோடி, முதியவர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இரண்டாவது பகுதியில் தெருவில் சனம் இருந்தது, கடை இருந்தது, ஆகவே வெளியில் வந்து போனார்கள். அயல் என்பது உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு எனக்கு இதைவிட நேரான கணக்கு கிடைக்கவில்லை.

இந்த நம்பிக்கையின் விலை தெரிந்தவர்கள் வேறும் இருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு நுண்கடன் என்று வந்தது. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவள் பிணை என்று எழுதிக் கடன் கொடுத்தார்கள். மேலுக்குப் பார்த்தால் எங்கள் சீட்டு மாதிரித்தான். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றப் பெண்களை அவளுடைய வாசலில் கொண்டுபோய் இருத்தினார்கள், காசு வரும்வரை, சில நாளில் பொழுதுபட்ட பிறகும். சீட்டில் ஒருத்தியால் முடியாவிட்டால் ‘அடுத்த மாதம் பார்ப்பம்’ என்று சொல்லச் சீட்டுக்காரி இருந்தா. இங்கே அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே திட்டம் கொண்டுவர வேண்டிவந்தது. கடன் தள்ளுபடியாகலாம். வாசலில் இருந்தவளும் வாசலுக்குள் இருந்தவளும் பிறகு முகம் பார்ப்பதற்கு எந்தத் திட்டமும் இல்லை. நான் கிளினிக்கில் கண்ட பெண்கள் ஒரே வாங்கில் இருக்க மறுத்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

ஆசிரியைகள் முன்னால் நிற்கும்போது முழு உண்மையும் சொல்லவேண்டும். எங்கள் பொட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. யார் கிணற்றில் அள்ளலாம், யாருக்கு அள்ளி ஊற்றவேண்டும் என்று இருந்த ஊர்தான் இது. தையலக்காவின் திண்ணையில் யாரும் இருக்கலாம் என்ற நிலை ஒரு நாளில் வந்ததல்ல. அதற்காக அவ சொந்தக்காரரோடு வருடக்கணக்காகக் கதை பேச்சில்லாமல் இருந்திருக்கிறா. 1990ஆம் ஆண்டும் இதே ஒக்ரோபர் 30ஆம் திகதிதான். யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தபோது, எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகளின் குடும்பங்கள் கையில் ஒரு பையோடு போனார்கள். நாங்கள் படலையில் நின்று பார்த்தோம். சரியாக ஐந்து வருடம் கழித்து நாங்கள் வெளிக்கிட்டோம். இன்று மதிப்பளிக்கப்படுகிறவர்களில் ஒருவர், அப்படிப் போய், திரும்பிவந்து, இடிந்த வீட்டைத் திருத்தி, இன்று தன் ஒழுங்கையில் தமிழ் வீடுகளின் திறப்பையும் வாங்கி வைத்திருப்பவர். அவரைத் தெரிவுசெய்த வீடுகளில் இரண்டு, அன்று படலையில் நின்று பார்த்த வீடுகள்.

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழை. செயற்குழு இதைச் சொல்லத் தேவையில்லை என்றது. சொன்னால்தான் இந்த உரைக்கு ஏதும் பயன் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு. கூலிவேலைக்குப் போகிற வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வெளிநாட்டிலுள்ள என் தோழி ஒருத்தி, நல்ல மனசோடு, இருபத்தைந்து உலருணவுப் பொதிக்குக் காசு அனுப்பினாள். நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துப் பகிரச் சொன்னாள். எனக்கு உடனே நினைவு வந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். காசு அனுப்பியவர்களுக்குக் காட்டவேண்டும், ஆகவே பெயர், கையெழுத்து, பொதியோடு ஒரு படம் வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். நான் ஒரு கணமும் யோசிக்காமல் அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அக்காவுக்கு என்னில் இருந்த நம்பிக்கையில் அவவும் மறுக்கவில்லை.

படங்கள் வட்ஸ்அப்பில் போயின. அங்கிருந்து யாரோ முகநூலில் போட்டார்கள், கீழே இரண்டு வரி உருக்கத்தோடு. படத்தில் இருந்த ஒரு தாயின் மகளுக்கு அந்த மாதம் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு படத்தைப் பார்த்தது. இருபத்தாறாவது வீடு, “எங்களை ஏன் விட்டது?” என்று கேட்டது. பிறகு மெல்ல இன்னொரு கதை வந்தது: காசு முப்பது பொதிக்கு வந்ததாம், ஐந்தைத் தையலக்கா வைத்துக்கொண்டாவாம். இடம்பெயர்ந்த காலத்திலும் ஒருவரும் கணக்குக் கேட்காத மனுசி, பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு படலை படலையாகப் போய்க் காட்டினா. அந்த வருடம் அவவிடம் சீட்டுப் போட ஒருவரும் வரவில்லை. தைக்கக் கொடுக்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அவ களவெடுத்தா என்று உண்மையில் நம்பியவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கு அவவின் முகத்தைப் பார்க்க வெட்கம்.

நான் போய் இருந்தபோது அக்கா கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னா: “பிள்ளை, நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுத்ததில்லை. மாறி மாறி வந்து போனது, அவ்வளவுதான். நீர் என்னைக் குடுக்கிற ஆளாக்கிப் போட்டீர்.”

முப்பது வருடம் அவவின் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தும் எனக்கு அது விளங்கியிருக்கவில்லை. அவவை எல்லோரும் நம்பியது அவவிடம் எல்லோருக்கும் கொடுக்க ஏதோ இருந்ததால் என்று நான் நினைத்திருந்தேன். அவவுக்கும் மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும், எதிர்வீட்டு அண்ணை கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவார். அந்தக் கணக்கில் அவவும் ஒரு கடன்காரி. நான் ஒரே நாளில் அவவை அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்து, ஒரு கந்தோராக்கிவிட்டேன்.

தோழி படத்தை எடுப்பித்தாள். அந்தத் தாயிடம் தானே ரெலிபோனில் மன்னிப்புக் கேட்டாள். நான் இருபத்தைந்து வீட்டுக்கும் நடந்தேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, அக்காவின் கோடியில் இருந்த விறகடுப்பில் நாலு வீடு சேர்ந்து சமைக்கத் தொடங்கியது. ஒரு வீடு அரிசி, ஒரு வீடு விறகு, ஒரு வீட்டுப் பெடியன் வரிசையில் நிற்கிற வேலை. படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. அதன் பிறகுதான் சீட்டுத் திரும்பவும் தொடங்கியது.

ஆகவே இம்முறை, பத்துப் பேருக்கும் என்ன செய்யலாம் என்று நாங்கள் தீர்மானிக்காமல் அவர்களிடமே கேட்டோம். பொன்னாடை என்று ஒருவரும் சொல்லவில்லை. பொன்னாடை வேண்டாம் என்றுதான் மூன்று பேர் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகும்போது ஓட்டோவுக்குத் தன் காசில் கொடுப்பதாக ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒழுங்கை வீடுகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு ஒரு பேணியில் வைக்க இப்போது ஏற்பாடாகியிருக்கிறது, நாங்களும் அதில் மற்ற வீடுகளைப்போல் ஒரு பங்குதான். இன்னொருவர் ஒழுங்கை முடக்கில் தெரு விளக்கு எரியாமல் இருப்பதைச் சொன்னார். எங்கள் சங்கத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர்கள் எத்தனை பேர்! ஐந்து தரம் அலுவலகம் ஏறி இறங்கி விளக்கு எரிகிறது. நாங்கள் செய்தவற்றில் ஆகப் பயன்பட்டது அதுதான் என்பது என் கணிப்பு. செலவு, கடித உறையும் முத்திரையும்.

நான்கு பேர் ஒன்றுபோலக் கேட்டது கதிரை. செத்தவீடு என்றால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயல்தான் தேத்தண்ணி கொண்டுபோகவேண்டும், பந்தல் போடவேண்டும், வருகிறவர்களை இருத்தவேண்டும். மரண சகாயச் சங்கத்தின் கதிரைகள் பாதி உடைந்துவிட்டன. நாற்பது கதிரையும் ஒரு தறப்பாளும் கொடுத்திருக்கிறோம். கதிரையின் முதுகில் சங்கத்தின் பெயரை அடிக்கவேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. நல்ல வேளையாக அது தோற்றுப்போனது.

தையலக்காவிடமும் கேட்டேன். கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு கிழமை குனியக்கூடாது, அந்த இரண்டு கிழமையும் ஒருவரும் தன்னிடம் ஒன்றும் கேட்டு வரக்கூடாது என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா, ஆனால் அது பகிடி இல்லை. இப்படியானவர்களுக்கு ஓய்வு என்று ஒன்று இருப்பதை நாங்கள் யாரும் நினைப்பதில்லை. கொப்பி எழுத இப்போது ஒரு இளம் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். எங்கள் உயர்தர வகுப்பு மாணவி. அக்கா அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரிடம் எப்போது காசு கேட்கக்கூடாது என்பதைத்தான் சொல்லிக் கொடுக்கிறா.

கடைசியாகக் கடல் கடந்து வந்திருக்கும் தோழிகளுக்கும், இதை மலரில் வாசிக்கப்போகிறவர்களுக்கும். உங்களில் பலருடைய அம்மா இங்கே தனியே இருக்கிறா. ஒவ்வொரு பின்னேரமும் ரெலிபோன் எடுக்கிறீர்கள். ஒரு நாள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அம்மா எடுக்கவில்லை. உடனே யாருக்கு எடுக்கிறீர்கள்? அந்த இலக்கம் உங்கள் போனில் ‘பக்கத்து வீட்டு அன்ரி’ என்றோ ‘முன்வீட்டு மாமி’ என்றோ இருக்கும். அவருடைய முழுப்பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருக்கு எந்தக் கால் நோ, பிள்ளைகள் எங்கே, அவருடைய வீட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது? இந்த முறை திரும்பிப் போகமுன் ஒரு பின்னேரம் போய் அவருடைய திண்ணையில் இருங்கள். சொக்லற் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவர வேண்டாம். அவர் ஏதும் தந்தால், ஒரு முருங்கைக்காய்ப் பிடியாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்குங்கள். மதில் கட்டுகிறவர்கள் பக்கத்து வளவுக்கு ஒரு சின்னப் படலை வைத்துக் கட்டுங்கள். மேசனிடம் சொன்னால் ஒரு நாள் வேலை.

இப்போது ஒன்பது பேரை மேடைக்கு அழைக்கப்போகிறார்கள். பத்தாவது கதிரை வெறுமையாக இருக்கும். தையலக்காவை நேற்றுப் பின்னேரமும் போய்க் கேட்டேன். “நாளைக்கு எங்கட ஒழுங்கையில எட்டுச் செலவு. நீங்கள் விழாவை நடத்துங்கோ” என்றா. அந்த நாற்பது கதிரையும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.